இறக்கின வண்டி

அந்தக் காரைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி. பெட்ரோல் போடுகிறவர், பக்கத்து வீட்டுக்காரர், சிக்னலில் வந்து உரசிக்கொண்டு நிற்கும் பைக்காரர், ஒருத்தரும் விட்டதில்லை. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற ஆல் வீல் டிரைவ் வண்டி. மேட்டிலும் சேற்றிலும் ஏறட்டும் என்றே செய்தது. அதைப் போய் எந்தப் புத்திசாலியாவது தரையோடு தரையாக இறக்கி வைப்பானா?

"ரேஸுக்குப் போறேன் சார்" என்பான் அண்ணன், முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல்.

அவன் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போன பிறகு, கேட்டவர் தலையில் அடித்துக்கொள்வது பின்னால் தெரியும். பக்கத்து சீட்டில் இருக்கும் தங்கைக்குச் சிரிப்பை அடக்க முடியாது. உண்மையைச் சொல்லித் தொலைத்தால் என்ன என்று அவள் ஒருமுறை கேட்டும் பார்த்தாள்.

"சொன்னா பாவம்னு பாப்பாங்க. ரேஸுன்னு சொன்னா பைத்தியம்னு பாப்பாங்க. பைத்தியம் தேவலாம்."

உண்மை ஒன்றும் பெரிய சிதம்பர ரகசியம் இல்லை. படிப்பு முடித்த கையோடு நடந்த ஒரு விபத்துக்குப் பிறகு அண்ணனின் கால்கள் அவன் பேச்சைக் கேட்பதில்லை. சக்கர நாற்காலிதான். வீடுகளுக்கும் கட்டடங்களுக்கும் வரைபடம் போடுவது தொழில். பிரேக்கையும் ஆக்சிலேட்டரையும் கையாலேயே இயக்குகிற மாதிரி வண்டியை மாற்றி வைத்திருக்கிறான். நாற்காலியைக் கார்க் கதவோடு அணைத்து நிறுத்துவான். ஒரு கை நாற்காலியில், ஒரு கை சீட்டில். ஓர் எம்பு எம்பினால் இங்கிருந்து அங்கே. அப்புறம் நாற்காலியின் சக்கரங்களைக் கழற்றி, ஒவ்வொன்றாகத் தன் மடிக்கு மேலாகத் தூக்கிப் பக்கத்து சீட்டில் போட்டுக்கொள்வான். யாரும் கை வைக்க வேண்டியதில்லை, வைக்கவும் கூடாது. இதற்கு நாற்காலியும் சீட்டும் ஒரே உயரத்தில் இருந்தாக வேண்டும். வண்டி வந்த புதிதில் சீட் உயரமாக இருந்தது. அளவு நாடாவை வைத்து அளந்து பார்த்துவிட்டு, மெக்கானிக்கைக் கூப்பிட்டு, நாற்காலியின் உயரத்துக்கு வண்டியை இறக்கச் சொன்னான். வீடு இருப்பதோ செங்குத்தான ஒரு தெருவில். மழை பெய்தால் பூனைகூட வழுக்கி விழும். அதற்கு அந்த நாலு சக்கர இழுவை. ஏற ஒன்று, உட்கார ஒன்று. அவ்வளவுதான் விஷயம்.

தங்கை மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறாள். கண்ணைச் சோதித்துக் கண்ணாடி போட்டுத் தருகிறவள் என்பதால் வீட்டிலும் தெருவிலும் அவளுக்குக் கண்ணாடிக்காரி என்றே பெயர். எதையும் பார்த்தால் அது ஏன் அப்படி இருக்கிறது என்று தெரிந்தே ஆக வேண்டும் அவளுக்கு. மற்றவர்கள் அதை மூக்கை நுழைக்கிறது என்பார்கள். அவள் அதைத் தொழில் என்பாள்.

அண்ணன் ஒரு நாள் கடைக்குப் போன் செய்தான்.

"ஷாக் அப்சார்பர் போயிருச்சு போல. மேட்டுல ரொம்பக் குலுக்குது. நம்ம மெக்கானிக் சைலன்சர்கிட்ட ஒரு வார்த்தை பேசிப் பாரேன்."

"நீயே பேசலாமே?"

"அந்த ஆளுகிட்ட ஆரம்பிச்சா என் வேலை கெட்டுச்சு. அடுத்த வாரம் சைட்டு வேற."

அந்த சைட் என்னவென்று அவளுக்குத் தெரியும். குன்றின் மேல் ஒரு பள்ளிக்கூடம் கட்டுகிறார்கள். இத்தனை வருஷமாக அண்ணன் படம் போட்டுக் கொடுப்பதோடு சரி. கட்டுகிற இடத்தில் நின்று வேலை வாங்குவது வேறு யாராவது இருப்பார்கள். இப்போதுதான் முதல் தடவையாக மேற்பார்வையையும் அவனிடமே கொடுத்திருக்கிறார்கள். கொடுத்தவர், "கூட யாராவது வருவாங்கல்ல?" என்று கேட்டாராம். "நான் மட்டும்தான்" என்று அண்ணன் சொல்லிவிட்டான். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத்தான் தலையாட்டினாராம். தனியாக வந்து தனியாக இறங்குவானா என்று அவர் முதல் நாளே பார்க்கப் போகிறார். அதில் தடுமாறினால் மறுபடியும் படம் மட்டும்தான்.

சைலன்சர் என்பது மெக்கானிக்குக்கு ஊர் வைத்த பெயர். மனிதர் வாயைத் திறந்தால் மூடமாட்டார். இவருக்கு ஒரு சைலன்சர் மாட்டினால் தேவலை என்று யாரோ சொல்லப்போக, அதுவே ஒட்டிக்கொண்டது. வண்டியை ஜாக்கியில் ஏற்றி அடியில் படுத்துக்கொண்டும் அவர் பேசினார். கண்ணாடிக்காரி குனிந்து, சக்கரத்துக்குப் பின்னால் விளக்கடித்துப் பார்த்தாள். தடித்த குழாய் ஒன்று எண்ணெய் கசிந்து, மண் அப்பி, கன்னங்கரேலென்று இருந்தது.

"இதுதான் ஷாக்கா?"

"அது ஸ்ட்ரட்டு சிஸ்டர். முன்னாடி ஸ்ட்ரட்டு, பின்னாடி ஷாக்கு. முன்னாடி ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒண்ணா சேர்ந்த கூட்டுக்குடும்பம். சக்கரத்தைப் பிடிச்சிருக்குறதும் அதேதான். பின்னாடி ரெண்டும் தனிக்குடித்தனம்."

"வண்டியைத் தாங்குறது எது?"

"தாங்குறது ஸ்பிரிங்கு. ஷாக்கு எதையும் தாங்காது. ஸ்பிரிங்கு குதிக்கும் பாருங்க, அதைப் போதும் நிறுத்துன்னு அதட்டுறதுதான் இதோட வேலை. உள்ளே எண்ணெய் இருக்கு, சின்ன ஓட்டை இருக்கு. எண்ணெய் அந்த ஓட்டை வழியா மெதுவாத்தானே போகணும்? அதான் அதட்டல். எண்ணெய் போச்சுன்னா அதட்ட ஆளில்ல."

அவர் எழுந்து, வண்டியின் மூக்கை இரண்டு கையாலும் அமுக்கிவிட்டார். வண்டி ஏறி, இறங்கி, மறுபடி ஏறி, நிற்க மனமில்லாமல் ஆடியது. கண்ணாடிக்காரிக்கு வேடிக்கையாக இருந்தது. அவளும் ஒரு தடவை அமுக்கிப் பார்த்தாள். இத்தனை நாள் இந்த வண்டியில் போயிருக்கிறோம், உள்ளே இப்படி ஒரு சண்டை நடக்கிறது என்று தெரியாமலே போயிருக்கிறோமே என்று ஆச்சரியப்பட்டாள்.

"பார்ட்ஸ் கடை நம்பர் தர்றேன், நீங்களே பேசிடுங்க. என் கையெல்லாம் எண்ணெய்" என்றபடி சைலன்சர் மறுபடி அடியில் நுழைந்தார். உள்ளேயிருந்து சத்தம் வந்தது. "இறக்கின வண்டின்னு மறக்காம சொல்லிடுங்க! இல்லாட்டி மாத்தி அனுப்பிடுவாங்க!"

போனை எடுத்தது ஒரு பெண். சுறுசுறுப்பான குரல். கண்ணாடிக்காரி வண்டியின் பெயரையும் வருஷத்தையும் சொன்னாள்.

"ஆல் வீல் டிரைவா மேடம்?"

"ஆமா. முக்கியமா ஒண்ணு சொல்லணும். இது இறக்கின வண்டி."

"ஓ, இறக்கினதா!" குரலில் ஒரு மரியாதை ஏறியது. "அப்போ அதுக்குத் தனி செட்டு மேடம்."

"அதேதான், தனி செட்டுதான் வேணும்."

"எப்போ இறக்கினீங்க?"

"வண்டி வந்த புதுசுலயே இறக்கியாச்சு."

"பேப்பரெல்லாம் சரியா இருக்குல்ல? சில பேர் இறக்கிட்டு அப்புறம் மாட்டிக்கிறாங்க."

"எல்லாம் முறைப்படி பதிவு பண்ணியிருக்கு."

"நல்லது. யார் மூலமா இறக்கினீங்க?"

"எங்க மெக்கானிக்தான் இறக்கினாரு."

"மெக்கானிக்கா! பெரிய ஆளா இருப்பாரு போல."

"வாய்தான் பெருசு" என்றாள் கண்ணாடிக்காரி. இருவரும் சிரித்தார்கள். ஒருவரையொருவர் ரொம்ப நன்றாகப் புரிந்துகொண்ட மாதிரி அவர்களுக்கு இருந்தது.

பெட்டிகள் வந்தன. சைலன்சர் ஒன்றைப் பிரித்து, பழையதோடு பக்கத்தில் நிறுத்திப் பார்த்து, "கொஞ்சம் நெட்டையா இருக்கே" என்றார். உடனே, "புதுசு அப்படித்தான் தெரியும்" என்று தனக்குத் தானே பதிலும் சொல்லிக்கொண்டார். கேள்வியும் பதிலும் ஒரே வாயில் இருந்தால் இதுதான் சங்கடம். ஒரு பகல் முழுக்கப் பேசிக்கொண்டே நான்கு மூலையிலும் மாட்டி, வண்டியைக் கொண்டுவந்து அண்ணன் வீட்டு வாசலில் நிறுத்தினார்.

கண்ணாடிக்காரி மதியச் சாப்பாட்டுக்குக் கடையைச் சாத்திவிட்டு அங்கே வந்திருந்தாள். வண்டியைப் பார்த்ததும் ஏதோ இடித்தது. என்னவென்று பிடிபடவில்லை. புதுச் செருப்புப் போட்டுக்கொண்டு நிற்கிற ஆள் மாதிரி நின்றது வண்டி. அதற்குள் அண்ணன் நாற்காலியைக் கதவோடு அணைத்துவிட்டான். ஒரு கை இங்கே, ஒரு கை அங்கே. எம்பினான்.

இடுப்பு சீட்டின் விளிம்பில் இடித்து வழுக்கியது. நாற்காலி பின்னால் உருண்டது. இரண்டுக்கும் நடுவே அவன் இறங்கிக்கொண்டிருந்தான். கண்ணாடிக்காரி எப்போது ஓடினாள் என்று அவளுக்கே தெரியாது. அவன் கக்கத்துக்குள் கையைக் கொடுத்துத் தூக்கிப் பிடித்திருந்தாள். சைலன்சரும் ஓடிவந்தார். இரண்டு பேருமாகச் சேர்ந்து அவனை நாற்காலியில் வைத்தார்கள்.

"விடு" என்றான் அண்ணன்.

"அடிபட்டுச்சா?"

"விடுன்னு சொன்னேன்ல!"

அவன் அவளிடம் அப்படிக் குரலை உயர்த்தி எத்தனையோ காலம் ஆகியிருந்தது. நாற்காலியைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனான். கதவைச் சாத்திக்கொண்டான். பிடித்தது தப்பா, பிடிக்காமல் விட்டிருந்தால் சரியா? அவளுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. எதை முதலில் வெளியே விடுவது என்று தெரியாமல் வாசலிலேயே நின்றாள்.

பிறகு மூக்கை நுழைக்கிற புத்தி வென்றது. பழைய உயரம் அவளுக்கு மனப்பாடம். சீட்டின் விளிம்பும் நாற்காலியின் மெத்தையும் ஒரு கோடு போட்ட மாதிரி நிற்கும். இப்போது சீட் இரண்டு விரற்கடை மேலே போயிருந்தது. ஷாக் எதையும் தாங்காது, தாங்குவது ஸ்பிரிங்தான் என்றாரே இந்த மனிதர். ஸ்பிரிங்கை மாற்றவில்லையே, பின்னே எப்படி வண்டி உயர்ந்தது?

"ஸ்ட்ரட்டுல ஸ்பிரிங்கு உட்காருற தட்டு ஒண்ணு இருக்கு சிஸ்டர்" என்றார் சைலன்சர், குரலை வெகுவாக இறக்கி. "இதுல அந்தத் தட்டு மேல இருக்கு. அதான் முன்னாடி தூக்குது. பின்னாடி ஷாக்கும் நெட்டைதான், ஆனா அது தூக்காது."

அவள் பார்ட்ஸ் கடைக்குப் போன் போட்டாள். வாய்க்கு வந்ததைக் கேட்டுவிடுவது என்றுதான் போட்டாள்.

"இறக்கின வண்டின்னு அத்தனை தடவை சொன்னேனே, உயரமான செட்டை அனுப்பியிருக்கீங்க?"

"கரெக்டாத்தானே மேடம் அனுப்பினேன். வெளிநாட்டுலேர்ந்து இறக்கின மாடலுக்கு அந்த செட்டுதான். அது கரடுமுரடு ரோட்டுக்குச் செஞ்சது, ஒசரமாத்தான் இருக்கும்."

"வெளிநாட்டுலேர்ந்து யார் இறக்கினா?"

"நீங்கதானே சொன்னீங்க, உங்க மெக்கானிக் இறக்கினாருன்னு?"

கண்ணாடிக்காரி போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு முறை பார்த்தாள். பேப்பர் சரியா இருக்கா, மாட்டிக்கிறாங்க, பெரிய ஆளா இருப்பாரு. ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்து முகத்தில் அசடு வழிந்தது. "ஐயோ, நான் சொன்னது கீழ இறக்கினது. தரைக்கு. ஒசரத்தைக் குறைச்சது!"

"கடவுளே" என்றாள் கடைக்காரி. அப்புறம் இரண்டு பேராலும் பேச முடியவில்லை. துறைமுகத்தில் சுங்க அதிகாரிகளுக்கு நடுவே ஸ்பானரும் கையுமாகக் கப்பலிலிருந்து கார் இறக்கும் சைலன்சரை நினைத்து நினைத்துச் சிரித்தார்கள். கண்ணாடிக்காரிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. அதில் கொஞ்சம் வேறு கணக்கும் இருந்தது.

சிரித்து முடித்தபின் கடைக்காரி வேலைக்குத் திரும்பினாள். "சரி மேடம், அதைத் திருப்பி அனுப்புங்க, நான் மாத்தித் தர்றேன். ஒண்ணு கேக்கவா? எதுக்காக இறக்கியிருக்கீங்க? ரேஸா, அழகுக்கா? அதுக்குத் தக்கபடிதான் தேர்ந்தெடுக்கணும்."

"உக்கார்றதுக்கு" என்றாள் கண்ணாடிக்காரி. பிறகு விஷயத்தைச் சொன்னாள். அண்ணன் கேட்டால் திட்டுவான். திட்டட்டும்.

கடைக்காரி பாவம் என்று சொல்லவில்லை. அது கண்ணாடிக்காரிக்குப் பிடித்திருந்தது. "ஸ்பிரிங்கைக் குட்டையாக்கினப்போ ஷாக்கையும் குட்டையா மாத்தினாங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

கேள்வி சைலன்சரிடம் போனது. சைலன்சர் வாயைத் திறந்தார், மூடினார். தன் பெயருக்கு ஏற்ற மாதிரி அவர் நின்றது அன்றைக்குத்தான். ஸ்பிரிங்கை மட்டும்தான் மாற்றினாராம். பழைய நீளத்து ஷாக்கை அப்படியே விட்டுவிட்டாராம். நெட்டை ஷாக் குட்டை இடத்துக்குள் குறுகி உட்கார்ந்து, பாதி வழியிலேயே அடி ரப்பரில் முட்டி முட்டித்தான் இத்தனை சீக்கிரம் செத்திருக்கிறது. இதை மென்று விழுங்கி ஒருவழியாகச் சொல்லி முடித்தார்.

"அப்போ குட்டை உடம்பு செட்டுதான்" என்றாள் கடைக்காரி. "பின்பக்கம் சாதா மாடலோடது ஆகாது மேடம். உங்களுக்குப் பின்னாடி சக்கரத்துக்கும் அச்சு ஓடுது, அது இடிக்கும். ஆல் வீல் டிரைவுக்குன்னே உள்ளதுல ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு மெத்துனு ஒரே மாதிரி இருக்கும். இன்னொண்ணுல தலையில ஒரு திருகு இருக்கும், திருகத் திருக இறுகும். அந்த உள்ளே இருக்குற ஓட்டையைச் சின்னது பண்ணிக்கிட்டே போற மாதிரி."

திருகிப் பார்க்கலாம் என்றதும் கண்ணாடிக்காரிக்கு வேறு யோசனையே ஓடவில்லை. வாழ்நாள் முழுக்க அவள் செய்வது அதைத்தானே. ஒரு கண்ணாடியை வைத்து, எடுத்து, இன்னொன்றை வைத்து, "ஒண்ணு தெளிவா, ரெண்டு தெளிவா?" என்று கேட்பது.

"திருகு வச்சதே அனுப்புங்க" என்றாள்.

இந்தத் தடவை சைலன்சர் பேசாமல் மாட்டினார். வண்டி தன் பழைய உயரத்துக்கு வந்து உட்கார்ந்தது. அண்ணன் அளவு நாடாவை வைத்துப் பார்த்துவிட்டு "ம்" என்றான். அன்றைக்குக் கத்தினதைப் பற்றி அவனும் பேசவில்லை, அவளும் பேசவில்லை. கடையை மூடிவிட்டு வந்து அவள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள்.

"தெரு முக்கு வரைக்கும் ஓட்டு. நான் இறங்கித் திருகை மாத்துவேன், எத்தனைன்னு சொல்லமாட்டேன். எது நல்லா இருக்குன்னு நீ சொல்லு."

"என்னைக் கடைக்கு வந்த ஆள் மாதிரி நடத்துறியா?"

"கடைக்கு வந்த ஆள் இவ்வளவு வாய் பேசமாட்டாங்க."

ஓட்டினான். மேட்டில் ஏறி, பள்ளத்தில் இறங்கி, வேகத்தடையில் குதித்துத் திரும்பினான். அவள் பானெட்டைத் தூக்கி முன்னால் இரண்டையும், டிக்கியைத் திறந்து பின்னால் இரண்டையும் திருகினாள். மறுபடி ஓட்டினான்.

"ஒண்ணா ரெண்டா?"

"ரெண்டு."

மறுபடி திருகல், மறுபடி ஓட்டம். "ரெண்டா மூணா?" "மூணு." யோசிக்கவே மாட்டேன் என்கிறான். கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்து விழுகிறது. கண்ணாடிக்காரிக்கு மூக்கு வேர்த்தது. லைசென்ஸுக்காகக் கண் காட்ட வருகிறவர்களில் சிலர் இப்படித்தான். வரிசையில் முன்னால் நிற்கிறவர் படிப்பதைக் கேட்டு எழுத்துகளை மனப்பாடம் செய்துகொண்டு வந்து, கடகடவென்று ஒப்பிப்பார்கள். உண்மையாகப் பார்க்கிறவர்கள் தயங்குவார்கள், கண்ணைச் சுருக்குவார்கள், "இன்னொரு தடவை காட்டுங்க" என்பார்கள். மனப்பாடக்காரர்களைப் பிடிக்க அவளிடம் ஒரு தந்திரம் இருந்தது. அதே கண்ணாடியை எடுப்பது போல எடுத்து, மாற்றாமலே வைத்துவிட்டுக் கேட்பாள்.

பானெட்டைத் தூக்கினாள். எதையும் தொடாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு மூடினாள். அவன் ஒரு சுற்றுப் போய் வந்தான்.

"மூணா நாலா?"

"நாலு. நாலு எவ்வளவோ பரவாயில்ல."

"மூணும் நாலும் ஒண்ணுதான் அண்ணா. நான் தொடவே இல்ல."

அவன் இன்ஜினை நிறுத்தினான். குட்டு வெளிப்பட்டுவிட்ட முகம். சின்ன வயதில் மிட்டாய் டப்பாவோடு பிடிபடும்போது இருந்த அதே முகம்தான், கொஞ்சம் நரைத்துப் போயிருந்தது.

"உனக்கு ரோட்டுல குலுக்குறது ஒரு பிரச்சனையே இல்ல, அப்படித்தானே?"

"இல்ல."

"பின்னே ஏன் ஷாக் போச்சு, குலுக்குதுன்னு சொன்னே?"

அவன் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே பேசினான். "நான் சீட்டுல வந்து விழுற அந்த ஒரு நொடி இருக்குல்ல, அப்போ வண்டி படகு மாதிரி அமுங்கி ஆடுது. கையை ஊன்னா சீட்டு கீழ போகுது. மழை நாள்ல ஒரு தடவை, டைல்ஸ் கடை வாசல்ல. சீட்டும் நழுவுச்சு, நாற்காலியும் நழுவுச்சு. கீழ விழுந்துட்டேன்."

"எப்போ? எங்கிட்ட ஏன் சொல்லல?"

"ரொம்ப நேரம் யாரும் வரல. அப்புறம் ஒருத்தர் வந்தாரு. நல்ல மனுஷன். ஒரு வார்த்தை கேக்காம மூட்டையைத் தூக்குற மாதிரி தூக்கி, உள்ளே வச்சு, சட்டையெல்லாம் தட்டிவிட்டு, கன்னத்துல வேற தட்டிட்டுப் போனாரு." அவன் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "உங்கிட்ட சொன்னா நீ வருவே. மறுநாளும் வருவே. அப்புறம் எப்பவும் வருவே. நீ பிடிச்சுப்பேன்னு ஆயிட்டா எனக்குப் பிடிமானம் போயிரும்மா."

கண்ணாடிக்காரிக்கு அது சுருக்கென்று பட்டது. இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். ஆனால் அவன் சொன்னதில் பொய் இல்லை. வருவாள்தான். கடையைப் பூட்டிவிட்டாவது வருவாள். அன்றைக்கு அவனைத் தாங்கிப் பிடித்தபோது பயத்துக்கு நடுவே ஒரு துளி சந்தோஷமும் இருந்ததே, அதை அவள் யாரிடம் போய்ச் சொல்வாள்? தான் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று அன்று முழுக்க நினைத்து நினைத்துப் பார்த்தாளே. வெட்கமாக இருந்தது.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு வண்டியை விட்டு இறங்கினாள்.

"இறங்கு" என்றாள்.

"எங்க?"

"நாற்காலிக்கு. நாம சோதிச்ச இடமே தப்பு. ஓடுற வண்டியில சோதிச்சா எப்படி? நிக்குற வண்டியிலல்ல சோதிக்கணும்."

அண்ணன் அவளைத் திரும்பிப் பார்த்தான். முதல் தடவையாக அவன் கண்ணிலும் அந்தக் குடும்பத்து மூக்கு நுழைக்கிற புத்தி எட்டிப் பார்த்தது. "அட, ஆமா. இறுக்கினா மெதுவா அமுங்கும். நான் விழுறது ஒரு நொடிதான். அந்த ஒரு நொடிக்கு அது அசையலைன்னா போதுமே!"

இறங்கினான், ஏறினான். அவள் திருகினாள். இறங்கினான், ஏறினான். இப்போது பதில்கள் உடனே வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு யோசித்தான். "இன்னொரு தடவை" என்றான். "முன்னாடி சரி, பின்னாடி கொஞ்சம் சாயுது" என்றான். சைலன்சரைக் கேட்காமல் இருப்பது மரியாதை இல்லை என்று போன் செய்து கேட்டார்கள்.

"அவ்வளவு இறுக்கினா ரோட்டுல கட்டிலுக்குச் சக்கரம் மாட்டின மாதிரி இருக்கும் சார்! சின்னக் கல்லு மேல ஏறினாக்கூட அது என்ன கல்லுன்னு உக்காந்த இடத்துலயே தெரியும்!"

"தெரியட்டும். நமக்குக் கட்டடத் தொழில். கல்லு தெரிஞ்சா நல்லதுதான்."

"இடது வலது ரெண்டும் ஒரே மாதிரி வைங்க, அது மட்டும் மறந்துடாதீங்க."

ரோட்டில் எல்லோரும் விரும்புகிற மெத்தென்ற இடத்தைத் தாண்டி, அதற்கும் மேலே, கடைசி இறுக்கத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஓர் இடத்தில் திருகை நிறுத்தச் சொன்னான் அண்ணன். அங்கே வந்ததும் ஏறி உட்கார்ந்தான், இறங்கினான், கேட்காமலே மறுபடி ஏறினான். வியர்த்து வழிந்தது. "இதுதான்" என்றான். அதற்குமேல் அவள் எந்தத் தந்திரமும் செய்யவில்லை. உண்மையாகப் பார்க்கிறவர்களின் முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

சைட்டுக்குப் போகிற நாள் காலையில் கண்ணாடிக்காரிக்கு அந்தப் பக்கம் எந்த வேலையும் கிடையாது. ஆனாலும் அந்தத் தெரு வழியாகத்தான் கடைக்குப் போனாள். சரியாக அண்ணன் வெளியே வருகிற நேரத்துக்கு அவன் வாசலில் செருப்பு வார் அறுந்துபோனதாக நின்று குனிந்து பார்த்தாள். அறுந்துபோகவில்லை என்று இருவருக்குமே தெரியும்.

"என்ன இந்தப் பக்கம்?"

"சும்மா. கடைக்குப் போற வழி."

"வழி அந்தப் பக்கமில்ல?"

"இன்னிக்கு இப்படி" என்றாள்.

நாற்காலி கதவோடு அணைந்தது. இரவு பெய்த தூறலில் தரை ஈரமாக இருந்தது. ஒரு கை நாற்காலியில். ஒரு கை சீட்டில். எம்பினான். வந்து உட்கார்ந்த சத்தம் மட்டும் கேட்டது. வண்டி அசையவில்லை, சுவரில் சாய்ந்த மாதிரி அவனை வாங்கிக்கொண்டது. ஒரு சக்கரம் மடிக்கு மேலாகப் போனது. இன்னொரு சக்கரம் போனது. நாற்காலியின் உடம்பும் போனது. கதவைச் சாத்திக்கொண்டு, பக்கக் கண்ணாடியைச் சரிசெய்கிற சாக்கில் அவளைப் பார்த்தான்.

அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. அவள் இரண்டு கைகளும் முன்னால் நீண்டு, உள்ளங்கை விரிந்து, எதையோ வாங்கத் தயாராக நின்றுகொண்டிருந்தன.

அண்ணன் கதவுக் கண்ணாடியை இறக்கினான். சிரித்தான். இந்தத் தடவை சிரிப்பு முழுதாக வந்தது.

"கையை இறக்கு" என்றான்.

அவள் இறக்கினாள். வண்டி மேட்டில் ஏறிப் போனது.